கலைத்துப் போட்ட கேள்விகள்

எங்கள் அப்பா கேள்வி கேட்டால் கையில் குச்சி இருக்கும். குச்சி இல்லாமல் அவர் எங்களைக் கேட்ட கேள்வி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்க விடுகிற வேலை அது. வெட்டிப் போட்டதில் நேரானதாக, விரல் கனத்தில் ஒரு குச்சியைப் பார்த்து வீட்டுக்கு எடுத்து வருவார். அடுப்புக்கு மேலே புகையில் கொஞ்ச நாள் கிடந்தால் தேயிலைக் குச்சி இரும்பாகிவிடும். அது மேலே பட்டதும் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் எரியத் தொடங்கும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் அடுத்த கேள்வி வந்திருக்கும்.

இந்தப் பழக்கம் இலங்கையிலேயே தொடங்கியது. இரண்டு அரசாங்கங்கள் பேசி, தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் குடும்பமும் மனுப் போட்டிருந்தது. கண்டியில் விசாரணை நடக்கும், அதிகாரி பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்பார், பதில் பிசகினால் அந்தப் பிள்ளை உன் பிள்ளை இல்லை என்று பெயரை எடுத்துவிடுவார் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். அதனால் அதிகாரிகளுக்கு எல்லாப் பிள்ளைகள் மேலும் சந்தேகம்.

அப்பா பயந்துவிட்டார். பயந்தால் அவருக்குக் கைதான் நீளும். தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் ஒற்றை அறையில் எங்கள் மூன்று பெண்களையும் சுவரோரம் நிறுத்துவார். அக்காவுக்கு அப்போது தாவணி போடுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். தங்கச்சி பேசவே அப்போதுதான் பழகியிருந்தாள். உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன, தாத்தாவின் ஊர் எது, தாலுகா எது, ஜில்லா எது, இப்போது இருக்கிற தோட்டம் எது, டிவிசன் எது, லயத்து நம்பர் என்ன. இதே வரிசை. நான் தாலுகாவில் தடுமாறுவேன். பின்னங்காலில் விழும். அக்கா ஒருநாளும் தடுமாறியதில்லை. எனக்கு விழவேண்டிய அடிக்குக் குறுக்கே காலை வைத்து அவள் வாங்கிக்கொண்டதுண்டு.

கண்டிக்கு ஐந்து பேருமாகப் போனோம். பெரிய பிள்ளை மட்டும் வந்தால் போதும் என்று வாசலில் இருந்த பியூன் சொன்னதால் அப்பாவும் அக்காவும் உள்ளே போனார்கள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா திரும்பி வந்தபோது அக்காவின் சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் நடு ரோட்டில் போட்டு அடித்தார். குச்சி கொண்டுவரவில்லை, குடைதான் இருந்தது. குடைக்கம்பி வளைந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அக்காவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து வாயெல்லாம் ஆகி, அவள் அதைத் துப்பிவிட்டு மறுபடியும் நேராக நின்றாள். அவள் ஓடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நான் ஒண்ணு சொன்னேன், இவ ஒண்ணு சொல்லிட்டா. குடும்பத்தையே கவுத்துட்டா" என்றார் அப்பா.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதிகாரி என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடையில் மிச்சமிருந்த கம்பிகளும் வளைந்திருக்கும். அக்காவின் பெயர் மட்டும் தனியே எடுத்து வைக்கப்பட்டது. பிறகு விசாரித்து அனுப்புவதாகச் சொன்னார்களாம். எங்கள் நால்வருக்கும் உத்தரவு வந்தபோது அவளுக்கு வரவில்லை. அப்பாவின் தங்கை வீட்டில் அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலேறி, பஸ் ஏறி, அரவேணுவுக்கு மேலே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கினோம். விட்டு வந்ததைப் போலவே மலை, அதே செடி, அதே குளிர். ஆள் ஒன்று குறைவு.

இங்கே வந்தபிறகு அடி குறையும் என்று நினைத்தேன். கூடியது. கடைவீதியில் எங்களுக்குச் சிலோன்காரங்க என்று பெயர். சாமான் கேட்டால் நாங்கள் பேசுவதைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அப்பா அவர்களிடம் பல்லைக் காட்டிவிட்டு வந்து வீட்டில் எங்களை வெளுப்பார். வெளியே வாங்கியதை உள்ளே கொடுக்கிற ஆள். நான் வேறு மாதிரி. யார் கொடுத்தாலும் அவர்களுக்கே உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரி என்று கூப்பிட்டவள் கையில் என் பல் பதிந்திருக்கும். அதற்காக வாத்தியாரிடம் வாங்கிய அடியெல்லாம் எனக்குத் தூசு.

பிறகு இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான அந்தப் பெரிய கலவரம் நடந்தது. கப்பலும் நின்றுபோயிற்று. கடைசியாக வந்தவர்களில் அத்தையின் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. லயத்தைக் கொளுத்திவிட்டார்கள், உங்கள் ஆட்கள் வவுனியாப் பக்கம் போனதாகக் கேள்வி, அதற்குமேல் தெரியாது என்றார்கள். அப்பா சேதியைச் சொல்லத் தண்ணீர்ப் பைப்படிக்குப் போனார். அங்கே குடத்தோடு நின்ற அம்மா, "எம்புள்ளைய விட்டுட்டு வந்துட்டீங்களே" என்றாள். அவர் பிடித்துத் தள்ளினார். சிமெண்டுத் தொட்டியில் கை மோதி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் கோணலாகத்தான் சேர்ந்தது.

"அவ வாய் ஒழுங்கா இருந்திருந்தா இன்னைக்கு இங்க இருந்திருப்பா" என்று அம்மாவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் அப்பா சொன்னார். ஆஸ்பத்திரியிலும் நியாயம் அவர் பக்கம்தான்.

அம்மாவின் வலது கை கொழுந்து பறிக்க உதவாமல் போனது. கூடை நிறையவில்லை. சூப்பர்வைசர் சிலநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து வேறு ஆள் பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேலை வெளியாளுக்குப் போய்விடும் என்றார். தாய்நாடு திரும்பியவர்கள் என்று குடும்பத்துக்கு இத்தனை வேலை என்று கணக்காகக் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் மறுபடி கிடைக்காது. நான் பத்தாவது முடித்துக் குன்னூரில் பிளஸ் டூ போய்க்கொண்டிருந்தேன். தங்கச்சி பத்தாவது எழுத வேண்டியவள்.

"பாஸானா படிக்கட்டும். பெயிலானா மறுநாக் காலையில பெரட்டுக்குப் போவா" என்று, சூப்பர்வைசரிடம் ரிசல்ட் வரைக்கும் தவணை கேட்டுக்கொண்டு வந்து அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்துவிடுகிற இடம். அங்கே ஒருமுறை பெயர் கூப்பிடப்பட்டவள் திரும்பிப் பள்ளிக்கூடம் போய் நான் பார்த்ததில்லை.

தங்கச்சிக்கு நர்சாக வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு ஒருத்தி, அப்பாவையே அதட்டி வெளியே நிற்கச் சொன்னதைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை அது. அப்பாவை அதட்ட முடிகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அவள் பாஸாக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பா அவளைப் பாஸாக்குவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். வரலாற்றுப் புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்விகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பார். தவறினால் உள்ளங்கையில் ஒன்று. அழுதால் இன்னொன்று. அவள் பதில்களைப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வரும். நடுவிலிருந்து நான் ஒரு கேள்வியைக் கேட்டால் விழித்தாள். படித்தது எதுவும் அவள் மண்டையில் இல்லை, அடி விழுந்த வரிசைதான் இருந்தது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கீபோர்டு ஒன்று, அதோடு கோத்த டிவிப் பெட்டி ஒன்று, பக்கத்தில் பாட்டுக் கேட்கிற மாதிரியே ஒரு டேப் ரிக்கார்டர். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். மூலையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும். நாம் ஏதாவது எழுதி ரிட்டர்ன் கட்டையைத் தட்டும் வரைக்கும் அது அப்படியே காத்திருக்கும். கோயம்புத்தூரில் பயிற்சிக்குப் போய்வந்த பிசிக்ஸ் சார்தான் பொறுப்பு. சனிக்கிழமைகளில் விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். நான் முதல் ஆளாய்ப் போய் நின்றேன்.

காத்திருக்கிறதே என்றுதான் எனக்கு அதைப் பிடித்தது. தப்பாக எழுதினால் 'மிஸ்டேக்' என்று ஒரு வார்த்தை போடும். பிறகு மறுபடியும் மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தப்புச் செய்தவளை ஒன்றும் செய்யாமல் இருக்கிற ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

'பேசிக்' என்கிற கம்ப்யூட்டர் பாஷை கொஞ்சம் கைக்கு வந்ததும் நான் எழுதியது ஒரு கேள்வி பதில் புரோகிராம். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும், ஆனால் வார்த்தைகள் என்னுடையவை. 'புதுசு' என்று அடித்தால் கேள்வியையும் நான்கு விடைகளையும், எது சரி என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். 'கேளு' என்று அடித்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். விடையின் நம்பரைத் தட்ட வேண்டும். சரியென்றால் அடுத்த கேள்வி. தப்பென்றால் 'இல்லை, மறுபடியும்' என்று அதே கேள்வியைக் கேட்கும். சரியான விடை வரும் வரைக்கும் நகராது. 'போதும்' என்றால் நின்றுவிடும். முடிந்ததும் டேப்பில் ஏற்றிவைக்க வேண்டும். கீச்சுக் கீச்சென்று காதைக் கிழித்துக்கொண்டு ஏறும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. முதலிலிருந்து அடிக்க வேண்டும். அப்படிப் போனபோதெல்லாம் நான் பேசிய வார்த்தைகள் காதில் விழாதது போல் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்விகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட ஒரு வழி இருக்கிறது என்று சார் காட்டிக்கொடுத்தார். எந்தக் கேள்வி முதலில் வரும் என்று எழுதிய எனக்கே தெரியாது. அதைக் கேட்டதும் எனக்குத் தங்கச்சி ஞாபகம்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமையே ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வரலாற்றுக் கேள்விகளைப் போட்டு வைத்திருந்தேன். எங்கோ நடுவிலிருந்து முதல் கேள்வி வந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. உற்றுக் கேட்டேன். முதல் கேள்வியின் பதிலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டு அந்தக் கேள்விவரைக்கும் நடந்து வந்துகொண்டிருந்தாள். வந்து சேரவில்லை. எதையோ தட்டினாள். 'இல்லை, மறுபடியும்' என்றது திரை. தட்டிய கையைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற மளிகைக் கடைக்காரர் மகள், "சிலோன் ரேடியோல பாட்டு நின்னு போச்சு" என்று சிரித்தாள். அவள் கழுத்தைப் பிடித்து மேசையில் முகத்தை மோதினேன். முன்பல் ஒன்று உடைந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை, என் காதுத் தோட்டோடு சதையையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டாள். சார் எங்களைப் பிரித்து என்னை வெளியே நிறுத்தினார். அதைப் பற்றி எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே தங்கச்சி ஒளித்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்து இன்னொரு நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். தப்பினால் தப்பட்டும் என்று தட்டப் பழகினாள். கேள்வி முன்னும் பின்னும் மாறி வர வர, ஒப்பிக்கிற உதடு நின்றது. கேள்வியைப் படித்துவிட்டு யோசிக்கத் தொடங்கினாள். யோசிக்கும்போது அவளுக்கு முகம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் அந்த அறையில்தான் பார்த்தேன். வீட்டில் அப்பா முன்னால் மட்டும் பழைய பாட்டையே பாடுவாள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புரோகிராமைச் சரிபார்க்க எனக்கு வேறு கேள்விகளும் தேவைப்பட்டன. எனக்குத் தூக்கத்திலும் தெரிந்தவை கண்டிக்குப் போகுமுன் அப்பா கேட்ட கேள்விகள்தான். அவற்றை ஒரு டேப்பில் ஏற்றினேன். போதவில்லை என்று அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்து, கல்யாணம் எப்போது, யார் எங்கே பிறந்தோம் என்றெல்லாம் கேட்டேன். நானும் தங்கச்சியும் அப்பாவின் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அக்கா அங்கே பிறக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் அம்மா தன்னுடைய அம்மாவின், அதாவது எங்கள் அம்மாயியின் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அக்கா பிறந்தது அங்கே. தோட்டத்தில் லீவு கொடுக்காததால் அப்பா குழந்தை முகம் பார்க்கவே வரவில்லையாம். பிள்ளை தவழுகிற வயதில் அம்மாவே தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாளாம். அதையும் ஒரு கேள்வியாகப் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது அது எல்லாக் கேள்விகளையும் போல ஒரு கேள்வி.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது யாரோ அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். உங்கள் பெண்கள் கிளாஸுக்கா போகிறார்கள், டிவிப் பெட்டி முன்னால் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அந்தச் சனிக்கிழமை அப்பா வேலை முடிந்து நேரே குன்னூருக்குப் பஸ் ஏறிவிட்டார். கவ்வாத்து வெட்டிய மண் காலோடு வாசலில் வந்து நின்றார். தங்கச்சி நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

சார் இல்லாவிட்டால் அங்கேயே பூசை நடந்திருக்கும். கால்சட்டை போட்ட ஆளைப் பார்த்தால் அப்பாவுக்கு முதுகு தானாகக் குனிந்துவிடும். சார் பவானிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். "வாங்க, உக்காருங்க. உங்க புள்ள பண்ணுன புரோகிராமுங்க இது. நீங்களும் ஒருவாட்டி பாருங்க" என்று நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

நான் வரலாற்று டேப்பைப் போட்டிருக்கலாம். போடவில்லை. எங்களைச் சுவரோரம் நிறுத்திக் கேட்ட மனிதர் ஒருதரமாவது கேட்கிற இடத்திலிருந்து இறங்கிப் பதில் சொல்கிற இடத்தில் உட்காரட்டும் என்று ஆத்திரம். குடும்பத்துக் கேள்விகள் இருந்த டேப்பைப் போட்டேன். அது கீச்சுக் கீச்சென்று ஏறி முடிந்தது. 'கேளு' என்று அடித்தேன்.

ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது என்பதால் நான் வாசித்தேன், அவர் சொன்ன விடையின் நம்பரைத் தட்டினேன். தாத்தாவின் ஜில்லா வந்தது, சரியாகச் சொன்னார். லயத்து நம்பர் வந்தது, அதுவும் சரி. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். சாருக்கும் குஷியாகிவிட்டது. மூன்றாவதாக அந்தக் கேள்வி வந்தது. மூத்த மகள் பிறந்த தோட்டம் எது?

அப்பா இலங்கையில் தான் வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். தட்டினேன். 'இல்லை, மறுபடியும்' என்று வந்தது. அதையும் வாசித்தேன். அவர் அதே பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், திரைக்குக் காது கேட்காதது போல. மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். திரை நகரவில்லை. நகராதபடிதான் நான் எழுதியிருந்தேன்.

சார் நல்லெண்ணத்தோடு சிரித்தார். "என்னங்க இது, பெத்த அப்பனுக்குப் புள்ள பொறந்த எடம் தெரியாதுங்களா?"

 அப்பா சாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கண்டியில அந்தாளும் இதத்தான் கேட்டான்" என்றார். "இதே வார்த்தைய."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரி கேட்ட கேள்வி இதுதான். வரிசையில் இல்லாத கேள்வி. பிள்ளையைத் தான் முதலில் பார்த்த இடத்தையே பிறந்த இடமாக நினைத்து, அப்பா தன் தோட்டத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லித் தெரிந்து வைத்திருந்த அக்கா, அம்மாயியின் தோட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். அதிகாரியின் கையிலிருந்த பிறப்புப் பத்திரத்தில் அவள் சொன்னதுதான் இருந்திருக்கும். பிள்ளைக்குத் தெரிந்தது அப்பனுக்குத் தெரியவில்லை என்றதும், அவள் இவர் பிள்ளைதானா என்று சந்தேகப்பட்டுப் பெயரைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். தப்புச் சொன்னவர் இவர். ரோட்டில் ரத்தம் துப்பியவள் அவள். அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் நாங்கள். அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று, இனி எந்த ஆபீஸில் போய் எந்தப் பதிலைத் திருத்துவது?

"அம்மாயி தோட்டத்துலப்பா" என்றேன். "அம்மாதான் சொன்னாங்க."

அவர் எழுந்தது தெரியும். அடுத்து நான் தரையில் கிடந்தேன். உதடு கிழிந்து பல்லில் மாட்டியிருந்தது. சார் அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, ஏனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா திமிறிக்கொண்டு வெளியே போய்விட்டார். தங்கச்சி தன் தாவணி முந்தியை என் வாயில் வைத்து அழுத்தினாள். திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். வரலாற்றுப் புத்தகம் மடியில், குச்சி கையில். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என் வாயைப் பார்த்தாள், மறுபடியும் தட்டத் தொடங்கினாள். அப்பா தங்கச்சியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னார்.

அன்றைக்குப் புத்தகத்தை முதலிலிருந்து தொடங்கவில்லை. நடுவில் பிரித்து ஒரு கேள்வி கேட்டார். தங்கச்சி சொன்னாள். பின்னால் தள்ளி ஒன்று கேட்டார். சொன்னாள். முன்னால் வந்தார். அதையும் சொன்னாள். பாட்டில்லாமல், நிதானமாக, ஒவ்வொன்றாக. அவர் பக்கங்களைக் கிழித்துவிடுவது போலப் புரட்டினார். அவளிடம் ஒரு தப்பாவது தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் புத்தகத்தில் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவள் பாஸ் என்று அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது.

அப்பா புத்தகத்தை மூடினார்.

"ஒங்க பெரியக்கா எங்க பொறந்தா?"

அடுப்படியில் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. தங்கச்சி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருடைய தோட்டத்தின் பெயரையே சொல்லியிருந்தால் அவர் குச்சியைக் கீழே போட்டிருப்பாரோ என்னவோ. அவள் கொஞ்சம் யோசித்தாள். கம்ப்யூட்டர் முன்னால் யோசிக்கிற அதே முகம்.

"அம்மாயி தோட்டத்துல" என்றாள்.

குச்சி அவள் இடது காதோடு சேர்த்து இறங்கியது. சுவரில் மோதிச் சரிந்தாள். இரண்டாவது தடவை ஓங்கியபோது அம்மா வந்துவிட்டாள். கோணல் கையாலேயே குச்சியைப் பிடித்தாள். அவள் அவர் எதிரில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிடியை விடவில்லை.

"பெத்தவ நான், படியில ஒக்காந்திருந்தேன்" என்றாள். "அந்தாளும் என்னையக் கூப்பிட்டுக் கேக்கல. வெளிய வந்து நீங்களும் கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

அப்பா குச்சியை இழுத்துப் பார்த்தார். பிறகு அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா பெரட்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள். பதிலுக்கு யார் பெயர் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் கொழுந்து பறிக்க இனி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை வெளியாளுக்குப் போயிற்று. அதற்காக அப்பா அவளை அடிப்பார் என்று காத்திருந்தோம். அடிக்கவில்லை. எங்களிடம் அதற்குப் பிறகு அவர் எதையுமே கேட்டதில்லை, சோறு ஆயிற்றா என்றுகூட.

தங்கச்சி பாஸானாள். டீக்கடையில் அப்பா, என் குச்சிதான் பாஸாக்கியது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரக் கிளம்பினேன். அம்மா பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

தங்கச்சி நர்சும் ஆனாள். இடது காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொள்வாளே தவிர, அதில் ஒன்றும் கேட்காது. எல்லாம் வலது காதுதான். எங்கள் வீட்டில் சரியான விடை சொல்லி அடி வாங்கியவர்கள் மூன்று பேர். என் உதடு ஆறிவிட்டது. ஒருத்திக்கு ஒரு காது போயிற்று. இன்னொருத்தி எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு எங்கள் யாரிடமும் விடை இல்லை.